பென்சிலில் எழுதும் இரவுகள்

பணி நிறைவு விழாக்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிற ஒரு வாக்கியம் சில காலமாக என்னைத் தொந்தரவு செய்கிறது. "சிஸ்டர் இல்லைன்னா இந்த வார்டே ஓடாது." என் அக்கா தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் தலைமைச் செவிலியர். அதனால் அவளுடன் வேலை பார்த்தவர்கள் ஓய்வு பெறும்போது குடும்பத்தோடு போய் வருகிற வழக்கம் எங்களுக்கு உண்டு. பொன்னாடை, சந்தன மாலை, குத்துவிளக்கு, விட்டுவிட்டு இரையும் மைக். ஒவ்வொருவராக வந்து அதே வாக்கியத்தை வேறு வேறு விதமாகச் சொல்வார்கள். லீவு என்று எழுதிக் கேட்டே அறியாதவர். மாமியாரின் காரியம் முடிந்த மறுநாளே டூட்டிக்கு வந்தவர். மகளின் நிச்சயதார்த்தத்தன்று காலையிலும் வார்டை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனவர். கைதட்டல் எழும். மேடையோரம் உட்கார வைக்கப்பட்டிருக்கும் கணவரும் அந்த மகளும்கூடத் தட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன், அந்த மனிதர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வீடு திரும்பும் வழியில் மனம் ஒரு கணக்கைப் போட ஆரம்பித்துவிடுகிறது. மறுநாள் ஒன்றாம் தேதி. அன்று அந்த வார்டு என்ன ஆகும்? ஓடாது என்றால், இத்தனை வருடத்தில் அவர் தனக்குப் பின் ஒருவரையும் தயார் செய்யவில்லை. ஓடிவிடும் என்றால், ஓடத்தான் செய்கிறது, அந்த நிச்சயதார்த்தக் காலையை அவர் எதற்காகக் கொடுத்தார்? இரண்டு பதிலுமே அந்த மேடையில் சொல்லக்கூடியவை அல்ல. நாம் தலைமை என்று எதைப் போற்றுகிறோம், அதன் விலையை யார் கட்டுகிறார்கள் என்ற கேள்வி அந்தக் கைதட்டலுக்குள்ளேயே அமுங்கிப்போகிறது.

அக்காவைச் சென்ற ஆண்டு ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். தலைமைத் திறன் வளர்ப்பது, வேலையையும் வாழ்க்கையையும் சமநிலையில் வைத்துக்கொள்வது, இரண்டையும் சேர்த்து ஒரே நாளில். கொடுத்த ஃபைலை வீட்டுக்குக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜின் மேல் போட்டிருந்தாள், எடுத்துப் படித்தேன். மோசம் என்று சொல்ல மாட்டேன். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை காது கொடுப்பது, முடிவைத் தள்ளிப்போடாதிருப்பது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது, கோபத்தில் மெமோ எழுதாமலிருப்பது எல்லாம் தேவைதான். பின்பகுதியில் ஒரு தராசுப் படம். ஒரு தட்டில் கோப்புகள், மறு தட்டில் ஓட்டு வீடு, நடுவில் தராசைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற பெண். தினமும் அரைமணி நேரம் உங்களுக்கென்று ஒதுக்குங்கள், முடியாததை முடியாது என்று சொல்லப் பழகுங்கள் என்று கீழே குறிப்புகள். அந்தப் பெண் படத்தில் தனியாக நிற்கிறாள் என்பதுதான் எனக்கு உறுத்தியது. வார்டில் யாரும் அப்படித் தனியாக இல்லை. நைட்டுக்கு வரவேண்டியவள் வந்து நோயாளிகளை ஒவ்வொரு கட்டிலாகக் கேட்டு வாங்கிக்கொண்டால்தான் மாலையில் இருந்தவள் கைப்பையை எடுக்க முடியும். ஒருத்தி தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் அரைமணி நேரம் இன்னொருத்தியின் கடைசி பஸ். இவள் முடியாது என்று சொன்னால் அவள் டபுள் டூட்டி பார்க்கிறாள். சமநிலை என்பது தனிமனிதர் பழகிக்கொள்ளும் ஒழுக்கம் என்று அந்த ஃபைல் சொல்கிறது. எனக்கோ அது பங்கிடப்படுகிற பொருளாகத் தெரிகிறது. பங்கிடுகிறவர் கையில்தான் தலைமை இருக்கிறது.

அந்தப் பங்கீடு நடப்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு அக்கா நீளமான நோட்டை விரிப்பாள். இடப்பக்கம் பெயர்கள் மேலிருந்து கீழாக; தலைப்பில் தேதிகள். ஸ்கேல் வைத்துக் கோடு போடுவதில் பள்ளிக்கூடத்துச் சுத்தம் இருக்கும். காலைக்கு எம், மாலைக்கு ஈ, இரவுக்கு என், ஓய்வுக்கு ஒரு சிறு வட்டம். முதலில் எல்லாம் பென்சிலில். ஒருத்திக்கு ஏழு மாதக் குழந்தை, தாய்ப்பால் கட்டிக்கொள்ளும், அவளுக்குத் தொடர்ந்து நைட் போடக் கூடாது. ஒருத்தியின் வீடு பஸ் போகாத ஊரில்; மாலை டூட்டி போட்டால் இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் இருட்டில் நடக்கவேண்டும். ஒருத்திக்கு ஞாயிறு காலை கோயில் வேண்டும், பூசை முடிந்து மதியம் வருவாள். நோன்பு மாதம் வந்தால் ஒருத்திக்கு சஹருக்கு வீட்டில் இருக்கவேண்டும். ஒருத்தி வாயைத் திறந்து எதுவும் கேட்பதில்லை. ஆனால் நைட் முடித்து வந்தால் பகலில் அவளைத் தூங்க விடாத வீடு என்று அக்காவுக்குத் தெரியும். ஒருத்தியின் கணவர் குடிப்பவர். நைட் போட்டால் அவளுக்கு நிம்மதி, பிள்ளைகளுக்குப் பயம். இதில் எதை எழுதுவது? பென்சில் அங்கேயே நின்றுவிடும். காலையிலிருந்து மாலைக்கு, மாலையிலிருந்து இரவுக்கு என்று முன்னோக்கி நகர்ந்தால் உடம்பு ஓரளவு தாங்கும், பின்னோக்கித் திருப்பினால் தள்ளாடும் என்று அக்கா சொல்வாள். தூக்கத்தை ஆராய்கிறவர்களும் அதையே சொல்கிறார்கள். ரப்பரால் அழித்து அழித்து அந்தக் கட்டம் சாம்பல் நிறமாகிவிடும். இரவு சாப்பாட்டுக்கு மேஜை வேண்டும் என்று பிள்ளைகள் வந்து நிற்பார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் அடுத்த மாதத்துத் தூக்கம், பாடம் சொல்லித்தரும் மாலை, கல்யாணம், கோயில் கொடை, கட்டிலில் கணவனும் மனைவியும் சேர்ந்து படுக்கிற இரவுகள் எல்லாம் அந்தக் கட்டங்களுக்குள் இருக்கின்றன. தலைமைத் திறனைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்த வேலைக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கப்பட்டதில்லை.

இத்தனை பரிவோடு போடப்படும் பட்டியலிலும் அநியாயம் எப்படியோ நுழைந்துவிடுகிறது என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. விடுதியில் தங்கியிருந்த, கல்யாணமாகாத ஒரு பெண்ணுக்கு எல்லாப் பண்டிகை இரவும் விழுந்துகொண்டிருந்தது. தீபாவளி நைட் அவளுக்கு, பொங்கல் அவளுக்கு, புத்தாண்டும் அவளுக்கு. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. மற்றவர்களுக்குப் பிள்ளை இருக்கிறது, மாமனார் வீடு இருக்கிறது. ஒவ்வொருவர் காரணமும் உண்மையான காரணம். அத்தனை உண்மையான காரணங்களும் வழிந்து ஓடிச் சேர்கிற தாழ்வான இடமாக அவள் இருந்தாள். ஒருநாள் அவள் அக்காவிடம், "எனக்கும் ஊர்ல அம்மா இருக்காங்கல்ல மேடம், தனியா" என்றாளாம். குறை சொல்லும் குரலில் அல்ல, ஞாபகப்படுத்துவதுபோல. வேலைக்கு வெளியே வாழ்க்கை என்று ஒன்று இருப்பதை நாம் சிலருக்கு மட்டும்தான் ஒப்புக்கொள்கிறோம். கணவனும் குழந்தையும் இருந்தால் அது வாழ்க்கை. தனியாக இருக்கிற அம்மா, படித்து முடிக்க வேண்டிய எம்.எஸ்ஸி., மாலையில் போகிற பாட்டு வகுப்பு, வெறுமனே ஒரு நாள் முழுக்கத் தூங்க வேண்டும் என்கிற ஆசை, இவை கணக்கில் ஏறுவதில்லை. பரிவு மட்டும் போதும் என்று நம்புகிற தலைமை, கேட்கத் தெரிந்தவர்களுக்கே கொடுத்துக்கொண்டிருக்கும். விதி மட்டும் போதும் என்று நம்பினாலோ, ஏழு மாதக் குழந்தையின் தாய்க்குத் தொடர்ந்து நைட் விழும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. தினமும் நின்றுதான் ஆகவேண்டும் என்பது மட்டும் தெரிகிறது.

செவிலியர் தொழிலின் முன்னோடியான ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் எழுதிய நர்சிங் குறிப்புகளில், காற்றோட்டம், வெளிச்சம், சத்தம், உணவு என்ற அத்தியாயங்களுக்கு நடுவில், சின்னச் சின்ன நிர்வாகத்தைப் பற்றி ஒரு தனி அத்தியாயம் வைத்திருக்கிறார். அதை முதல்முறை படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீங்கள் இருக்கும்போது நடப்பதெல்லாம் நீங்கள் இல்லாதபோதும் நடக்கும்படி செய்துவைப்பதுதான் பொறுப்பில் இருப்பது என்பது அவர் வாதம். எங்கும் இருக்க எவராலும் முடியாது. தூங்க வேண்டும், வெளியே போக வேண்டும், நோய் வரும். ஆகவே என் கையால் மட்டும்தான் இது நடக்கும் என்று பெருமைப்படுகிறவர் பொறுப்பைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்கிறார். நூற்று அறுபது வருடங்களுக்கு முன்பே எங்கள் விழா மேடைக்கு யாரோ பதில் எழுதி வைத்ததுபோல இருந்தது. ஆனால் இதை எழுதியவரின் வாழ்க்கை இந்த வாதத்தோடு ஒத்துப்போகவில்லை. கிரீமியப் போரிலிருந்து 1856-இல் திரும்பியபின் பல ஆண்டுகள் நோய்ப்படுக்கையில் இருந்தபடியே அவர் வேலை செய்தார். இந்தியாவின் சுகாதாரத்தைப் பற்றி ஓயாமல் எழுதியதும் ஒருநாளும் இங்கே வராமல் அந்த அறையிலிருந்துதான். உடனிருந்தவர்களை அவர் விட்டுவைக்கவில்லை. போர்த்துறை அமைச்சராயிருந்த சிட்னி ஹெர்பர்ட் உடல் நலிந்து பொறுப்பிலிருந்து விலக விரும்பியபோது அவரை விடாமல் நெருக்கினார்; 1861-இல் அவர் இறந்துபோனார். தன் குடும்பத்தை விட்டு வந்து பணிவிடை செய்துகொண்டிருந்த அத்தை ஒருத்தி வீட்டுக்குத் திரும்பிப் போனபோது, அதைக் கைவிட்டுப்போனதாக எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் மனம் ஆறாமல் இருந்தார். இல்லாதபோதும் நடக்கவேண்டும் என்று எழுதியவருக்கு, இன்னொருவர் தன் வீட்டுக்குப் போனதைப் பொறுக்க முடியவில்லை. இதை அவர் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. செய்து முடிக்கவேண்டிய காரியத்தின் மேல் தீராத பற்றுள்ளவர்களுக்கு, மற்றவர்களின் வீடு கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. அந்தப் பற்று இல்லாதிருந்தால் மருத்துவமனைகள் மாறியிருக்குமா என்பதும் எனக்குத் தெரியாது.

அக்கா வார்டில் இல்லாதபோதும் நடக்கும்படி சில காரியங்களைச் செய்து வைத்திருக்கிறாள். அவசர மருந்துத் தட்டில் எது எங்கே இருக்கவேண்டும் என்று அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஆக்ஸிஜன் தீர்ந்தால் யாருக்குச் சொல்வது, ரத்தம் வேண்டுமென்றால் யார் ஓடுவது, எல்லாம் எழுத்தில். வீட்டில் அப்படி ஒரு அட்டை கிடையாது. வீட்டு நிர்வாகம் முழுக்க அவள் தலைக்குள் இருக்கிறது. செவிலியர் அறையில் மத்தியானம் சோற்று டப்பாவைத் திறக்கும்போது போன் அடிக்கும். "அரிசி எத்தன ஆழாக்கு போடணும்?" அத்தான்தான். நல்ல மனிதர், ஒரு வேலையும் செய்யமாட்டேன் என்கிற ரகம் அல்ல. சோறு வடிப்பார், துணி காயப்போடுவார். ஆனால் எத்தனை ஆழாக்கு என்பது இருபது வருடமாகக் கேட்டுக்கொள்ளவேண்டிய தகவலாகவே இருக்கிறது. பிறகு மகன் அடிப்பான், ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி எது என்று. பிறகு கேஸ்காரர். சாப்பாடு பாதியில் இருக்கும்போது கட்டிலிலிருந்து யாரோ கூப்பிடுவார்கள், ட்ரிப் இறங்கவில்லை என்று. தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் சம்பளமில்லாத வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். இது 2019-இல். 2024-இல் பெண்களுக்கு 289 ஆயிற்று. பத்து நிமிடம் குறைந்தது. ஆண்களுடையதும் 88 ஆகக் குறைந்திருக்கிறது. பெண்கள் விட்ட பத்து நிமிடத்தை ஆண்கள் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எத்தனை ஆழாக்கு என்று நினைவில் வைத்திருக்கிற வேலைக்கு எந்தக் கணக்கெடுப்பிலும் நிமிடம் இல்லை. கையால் செய்வதைத்தான் எண்ண முடியும். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் தனக்கானது, எட்டு மணி நேரம் ஓய்வு என்று 1817 வாக்கிலேயே ராபர்ட் ஓவன் நாளை மூன்றாகப் பிரித்துச் சொன்னார். உலகத் தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்துப் பெற்ற பங்கீடு அது, அதன்மேல் எனக்குக் குறையேதும் இல்லை. ஆனால் மூன்று எட்டிலும் சோறு ஆக்குகிற நேரம் எதில் வருகிறது என்று பார்த்தால் எதிலும் வரவில்லை. ஆக்கி வைக்க வீட்டில் ஒருத்தி இருப்பாள் என்று எடுத்துக்கொண்டு போடப்பட்ட கணக்கு. அந்த ஒருத்தியே நைட் டூட்டிக்குப் போகும்போது கணக்கு தடுமாறுகிறது.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் குறுக்கே வருகிறது. வேலை ஒருபுறம், வாழ்க்கை மறுபுறம் என்ற பிரிவே அக்காவுக்குப் பொருந்துகிறதா? எங்கள் ஊரிலிருந்து நர்சிங் படிக்கப் போன முதல் சிலரில் அவள் ஒருத்தி. அப்பாவுக்கு அரைமனம், ராத்திரி வேலைக்குப் போகிற பெண்ணை யார் கட்டுவார்கள் என்று பாட்டி அழுதாள். விடுதியில் இரும்புக் கட்டில், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, தலையில் தொப்பி, தனக்கென்று ஒரு பூட்டும் சாவியும் உள்ள பெட்டி. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கி வந்த மிக்ஸி இன்னமும் எங்கள் வீட்டில் இருக்கிறது. வார்டில் அவள் நடக்கிற நடை வீட்டில் நடக்கிற நடை அல்ல. ஒருமுறை அப்பாவுக்கு மூச்சுத் திணறி அதே மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது பார்த்தேன். நடு ராத்திரி, பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவருக்குத் திடீரென்று நாடி இறங்கியது. அக்கா குரலை உயர்த்தவில்லை. ஒருத்தியைப் பார்த்துப் பெயரைச் சொன்னாள், அவள் ஆம்பு பையை எடுத்தாள்; இன்னொருத்திக்குக் கையை மட்டும் காட்டினாள், கட்டிலின் கால்மாடு உயர்ந்தது; பயிற்சி டாக்டரிடம், "சார், அட்ரினலின் ஏத்தி வச்சிட்டேன்" என்றாள், அவர் கேட்பதற்கு முன்னால். பெரியவர் பிழைத்தார். விடியற்காலையில் டீ குடிக்கும்போது அவள் முகத்தில் இருந்த நிறைவை, அவளுடைய கல்யாணத்திலோ பிள்ளைப்பேற்றிலோ நான் கண்டதில்லை. அதை வாழ்க்கை இல்லை என்று எப்படிச் சொல்வது? சமநிலை பற்றிப் பேசுகிறவர்கள் வேலையை ஒரு சுமையாகவும் வீட்டை இளைப்பாறும் இடமாகவும் வரைந்துவிடுகிறார்கள். நிறையப் பெண்களுக்கு வீடுதான் ஓயாத வேலை நடக்கும் இடம். வெளியே போகிற வேலையில்தான் அவர்களை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். லீவே எடுக்காத அந்த ஓய்வு பெற்ற சிஸ்டர்களில் சிலர், வீட்டில் தமக்கு இல்லாத இடம் வார்டில் இருந்ததால் எடுக்காமல் இருந்திருக்கலாம். அதை யாரும் மேடையில் கேட்பதில்லை.

ஆனாலும் அந்த நிறைவைக் காட்டி நேரத்தைப் பிடுங்குகிறவர்கள் உண்டு. செவிலியர் பணி சேவை, சேவைக்கு நேரம் பார்க்கக் கூடாது என்பார்கள். போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனையில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. அந்த அளவில் ஒரு வார்டை நான் இதுவரை பார்த்ததில்லை. நைட்டில் ஒரு நீண்ட கூடம், இரு பக்கமும் கட்டில்கள், நடுவில் தரையிலும் பாய்கள், இரண்டே பேர். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வு எழுதி 2015-இல் ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்தவர்களுக்குத் தொகுப்பூதியம் அப்போது மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள், சிலர் கைக்குழந்தைகளோடு. அந்தச் சம்பளத்துக்கு ஊர் விட்டு ஊர் வந்து வீடு எடுத்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்து, நைட்டும் பார்க்கிற ஒருத்தியிடம் தியானம் செய்யச் சொல்வதில் எனக்கு உடன்பாடு கிடையாது. உடலின் நாள் கணக்கைக் குலைக்கும் இரவுப் பணியை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற வகையில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007-இல் சேர்த்தது. 2019-இல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதி செய்தது. அப்படிப்பட்ட இரவுகளை யாராவது பார்த்துத்தான் ஆகவேண்டும், நோயாளிக்கு ராத்திரி என்று கிடையாது. அப்படியானால் அந்த இரவுகளை அதிகம் பேருக்குப் பிரித்தால்தானே ஒவ்வொருவருக்கும் குறையும்? அதற்கு ஆள் எடுக்கவேண்டும். ஆள் எடுக்காத அரசு, இருக்கிறவர்களை வைத்துப் பங்கிடும் கஷ்டத்தை ஒரு தலைமைச் செவிலியரின் பென்சிலுக்குத் தள்ளிவிட்டு, அவளைத் தலைமைப் பயிற்சிக்கு அனுப்புகிறது. 1918-இல் சென்னையில் பி.பி. வாடியாவைத் தலைவராகக்கொண்டு பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் கண்டபோது, மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது அவர்களுடைய முதல் கோரிக்கைகளுள் ஒன்று. அக்காவின் சோற்று டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். சாப்பிடுகிற நேரத்தைக் கேட்டு வாங்குவதற்கே சங்கம் வைக்க வேண்டியிருந்தது.

அந்தக் கல்யாணமாகாத பெண் சொன்னதற்குப் பிறகு அக்கா ஒரு காரியம் செய்தாள். பெரிய சீர்திருத்தம் என்று சொல்லும்படியாக எதுவும் இல்லை. செவிலியர் அறையில் ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். அடுத்த மாதத்துக்கு வேண்டியதை இருபதாம் தேதிக்குள் எல்லோரும் அதில் எழுதவேண்டும், தனியாக வந்து காதோடு சொல்லக் கூடாது. கூடவே ஒரு தாள், கடந்த சில வருடங்களில் ஒவ்வொரு பண்டிகை இரவையும் யார் பார்த்தார்கள் என்று, பழைய நோட்டுகளைப் புரட்டி எழுதிச் சுவரில் ஒட்டினாள். அவ்வளவுதான். ஒட்டிய அன்று அறை அமைதியாகிவிட்டதாம். ஒரே பெயர் கீழ்வரை வந்துகொண்டிருந்தது, எல்லோர் கண்ணிலும் பட்டது. அடுத்த தீபாவளி நைட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருவரை வைத்திருக்கிற ஒருத்தி தானாக எழுதிக் கேட்டாள். இன்னொருத்தி கோபித்துக்கொண்டு அக்காவோடு பல நாள் பேசவில்லை; காதோடு சொல்லி வாங்கிக்கொண்டிருந்த சௌகரியம் அவளுக்குப் போயிற்று. பாஸ்டனில் அக்கம்பக்க மையங்களை நடத்திய அனுபவத்திலிருந்து நிர்வாகத்தைப் பற்றி யோசித்த மேரி பார்க்கர் ஃபாலெட், 1920-களில் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொல்லியிருக்கிறார். உத்தரவு ஒரு மனிதரிடமிருந்து இன்னொரு மனிதருக்குப் போகவேண்டியதில்லை. சூழ்நிலை என்ன கேட்கிறது என்பதை இருவரும் சேர்ந்து பார்த்தால் அதுவே இருவருக்கும் உத்தரவாகிவிடும் என்று. அக்கா ஃபாலெட்டைப் படித்ததில்லை. அதிகாரத்தைச் சுவரில் ஒட்டிவிட்டால் தான் இல்லாதபோதும் அது வேலை செய்யும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இப்போது சில மாதங்களில் அவளுக்கு அடுத்தவளே லிஸ்ட் போடுகிறாள். அவள் போடுகிற முறை வேறு. தொடர்ந்து நைட் போட்டு மொத்தமாக ஓய்வு கொடுக்கிறாள்; இளையவர்களுக்கு அது பிடித்திருக்கிறது, ஊருக்குப் போய் வர முடிகிறது. அக்காவுக்கு அது சரியென்று படவில்லை, உடம்பு கெடும் என்கிறாள். இருந்தும் திருத்தவில்லை. திருத்தாமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அந்த ஞாயிறு மாலைகளில் மேஜை காலியாக இருந்தாலும், மனத்துக்குள் கட்டம் போட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

அப்படி லிஸ்ட் போடக் கற்றுக்கொண்டவளுக்குப் போன மாதம் பதவி உயர்வுக் கலந்தாய்வு வந்தது. தலைமைச் செவிலியராகலாம், ஆனால் காலியிடம் இருப்பது நான்கு மாவட்டம் தள்ளி. மூத்த பெண் பிளஸ் டூ படிக்கிறாள், மாமனார் வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறார், கணவருக்கு உள்ளூரிலேயே கடை. பதவி உயர்வு இப்போதைக்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் வழி இருக்கிறது. செவிலியர்களில் அப்படி எழுதிக்கொடுப்பவர்கள் குறைவல்ல. எழுதிக்கொடுத்தால் சீனியாரிட்டி போகும், பின்னால் வந்தவர்கள் முந்திப் போவார்கள். தலைமைக்குத் தகுதியான பெண்கள் முன்வருவதில்லை என்று கவலைப்படுகிறவர்கள் அந்தத் தாள்களைத்தான் முதலில் எடுத்துப் படிக்கவேண்டும். திறமைக் குறைவோ தயக்கமோ அதில் எழுதப்பட்டிருக்காது. குடும்பச் சூழ்நிலை காரணமாக என்ற மூன்று சொல் மட்டும் இருக்கும். காலியிடத்தைச் சொந்த மாவட்டத்திலோ பக்கத்து மாவட்டத்திலோ முதலில் காட்டினால் என்ன? ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்களே, ராத்திரியிலும் வேலை நடக்கிற மருத்துவமனையில் ராத்திரியிலும் திறந்திருக்கிற காப்பகம் ஏன் இல்லை? ஒரு பெண் தலைமைப் பொறுப்பை ஏற்பதற்கு அவள் வீட்டில் வேறொருத்தி, மாமியாரோ அம்மாவோ நாத்தனாரோ, தன் வாழ்நாளை ஒதுக்கித் தரவேண்டியிருக்கிற வரைக்கும், நாம் பேசுகிற சமநிலை ஒருத்தி தோளிலிருந்து இன்னொருத்தி தோளுக்கு மாற்றி வைப்பதாகத்தான் இருக்கும்.

அந்தக் கலந்தாய்வில் அவள் என்ன முடிவு செய்தாள் என்று அக்காவிடம் கேட்டேன். வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டாளாம். "நானா இருந்தாலும் அதத்தாம்பா செஞ்சிருப்பேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அவ எழுதிக் குடுத்திருக்கக் கூடாது. என்னவிட அவ நல்லாப் பாப்பா" என்றாள். இந்த இரண்டையும் ஒன்றாக்கி எனக்கு ஒரு முடிவு சொல்லத் தெரியவில்லை. அக்கா இரண்டையுமே மனதாரத்தான் சொன்னாள். அடுத்த கலந்தாய்வில் பக்கத்து ஊரில் ஓர் இடம் காலியாகலாம், அங்கே இருப்பவர் மே மாதம் ஓய்வு பெறுகிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைப் பற்றி விசாரிக்க அக்கா இப்போது சங்கத்துக்காரர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறாள்.